அணைக்காத வண்டி

களியக்காவிளை தாண்டும்போதுதான்
மீட்டருக்குக் கீழே அந்த எழுத்து கண்ணில் பட்டது:
சாவி வண்டிக்குள் இல்லை.

விமான நிலைய வாசலிலேயே மூன்று முறை கத்தியது.
பெல்ட்டுக்குத்தான் கத்துகிறது என்று
பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.
பின்னால் ஒரு இன்னோவா ஹாரனில் கை வைத்திருந்தது,
காவலாளி விசிலைக் கடித்துக்கொண்டு கை வீசினான்.
அந்த அவசரத்தில் ஜெனிஷ்
வண்டியை அணைக்காமல்
என்னை மட்டும் அணைத்துவிட்டுப் போயிருந்தான்,
ரிமோட்டைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு.

ஓரமாக நிறுத்திக் கூப்பிட்டேன்.
பாக்கெட்டைத் தட்டும் சத்தம் போனில் கேட்டது.
"எடீ, இங்கதான் கெடக்கு."
முத்திரை குத்தியாச்சாம், இனி வெளியே வர முடியாதாம்.
"ஓடுற வண்டி ஓடும். ஆஃப் ஆனா பிறகு எடுக்காது.
என்ன ஆனாலும் ஆஃப் ஆக்கிராதே.
பீரோவுல இன்னொண்ணு உண்டு."

லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம்.
கிளட்சை விட்டு நான் நிற்க வைக்காத ஏற்றமே
இந்தத் தாலுகாவில் கிடையாது.

குழித்துறைப் பாலத்தில் மழை.
மார்த்தாண்டம் மேம்பாலத்தில் முன்னால் போன பஸ்
நின்றது, நகர்ந்தது, நின்றது.
இடது காலில் உயிரை வைத்துக்கொண்டு
முதல் கியரில் ஊர்ந்தேன்.
பெட்ரோல் இரண்டு கோடு.
பம்பில் "ஆஃப் பண்ணுங்கக்கா" என்பான்.
பம்பைப் பார்க்காமலே வந்தேன்.

பள்ளியாடி பக்கம் ரயில்வே கேட் விழுந்தது.
பைக், ஆட்டோ, மீன் வண்டி
ஒவ்வொன்றாக அணைந்து,
மழை விட்ட ரோட்டில்
என் எஞ்சின் மட்டும் வெட்கமில்லாமல் பேசிக்கொண்டிருந்தது.
பைக்கில் ரப்பர் ஷீட் கட்டியிருந்தவர்
கண்ணாடியைத் தட்டினார்.
"ஆஃப் பண்ணுங்க, எண்ணெய் வீணாப் போவுதுல்லா."
"சாவி கத்தாருக்குப் போவுது அண்ணே."
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்,
பின் சீட்டில் தூங்கி வழியும் அபினோவைப் பார்த்தார்.
கேட் ஏறியதும்
பைக்கைக் குறுக்கே போட்டு
எதிரே வந்த டெம்போவைக் கையால் நிறுத்தி
"மொதல்ல இது போட்டும்" என்றார்.
நன்றி சொல்ல நிறுத்தினால்
நின்றுவிடுமோ என்று
தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

அபினோ விழித்துக் கேட்டான்:
"அந்தச் சாவி போட்டுதான் அப்பா
பிளேனை ஸ்டார்ட் பண்ணுவாரா?"

கருங்கல். வீடு.
ஹேண்ட் பிரேக் போட்டு, அவனை இறக்கி,
எஞ்சின் ஓட ஓட உள்ளே ஓடினேன்.
சர்டிபிகேட் பைலுக்கு அடியில்
நான்கு வருடமாக உறை பிரிக்காத ரிமோட்.
அமுக்கினேன்.
சிவப்புப் புள்ளி எரியவில்லை.
உள்ளே பேட்டரி எப்போதோ செத்திருந்தது.

நாகர்கோவில் ஷோரூமில் ஒரு பையன்
என்னமோ சொல்லியிருந்தான்.
வண்டி முகத்தில் கட்டிய ரிப்பனோடு
நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம்.
தீர்ந்துபோனாலும் பரவாயில்லை மேடம்,
ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடியுங்கள்,
அதற்குத் தெரியும்.
பரீட்சிக்க வேண்டுமென்றால்
முதலில் அணைக்க வேண்டும்.

அணைத்தேன்.

பலா இலையிலிருந்து சொட்டுவது கேட்டது.
பக்கத்து வீட்டுக் குக்கர் கேட்டது.
இரண்டு மணி நேரமாக
என் காதுக்குள் இருந்தது எஞ்சின் மட்டுமில்லை என்று
அப்போதுதான் தெரிந்தது.

செத்த ரிமோட்டின் முதுகைப் பட்டனில் ஒட்டி,
கிளட்சை அடிவரை மிதித்து
அமுக்கினேன்.
எடுத்தது.
அணைத்தேன். மறுபடி எடுத்தேன்.
மூன்றாவது தடவை அவசியமில்லாதது,
அதையும் செய்தேன்.

ராத்திரி தோஹாவிலிருந்து வாட்ஸ்அப்:
"ரூமுக்கு வந்து சும்மா ஒருக்கா அமுக்கிப் பாத்தேன்.
அங்க லைட் எரிஞ்சுதா?"

ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
முற்றத்தில் வண்டி இருட்டோடு இருட்டாகக் கிடந்தது.

"எரிஞ்சுது" என்று அனுப்பினேன்.
"கூரியர்ல போட்டு விடு."